வட்டம், முள், பன்னிரண்டு கோடு: டிரஸ் வாட்சில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: "ஒரு கல்யாண ரிசப்ஷனில் உறவினர் கட்டியிருந்த படேக் ஃபிலிப் கம்பெனியின் காலட்ராவா வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வட்டமான தங்கக் கேஸ், பன்னிரண்டு கோடு, முள், தோல் ஸ்ட்ராப், அவ்வளவுதான். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. தங்கத்தையும் பெயரையும் தவிர வித்தியாசம் உண்டா? கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? சென்னை வேர்வையில் இதையெல்லாம் கட்ட முடியுமா? ஜனதாவின் டயல் மங்கிவிட்டது, புதிதாக அடித்துவிடலாமா?"

ஜனதாவோடு ஒப்பிட்டதில் தப்பே இல்லை. இரண்டும் ஒரே வம்சம். 1932-இல் ஜெனீவாவின் ஸ்டெர்ன் சகோதரர்கள் படேக் ஃபிலிப்பை வாங்கினார்கள். அதுவரை அவர்கள் தொழில், வாட்ச் கம்பெனிகளுக்கு டயல் செய்து கொடுப்பது. அதே ஆண்டு வந்த முதல் காலட்ராவாவான ரெஃபரன்ஸ் 96 என்ற 31 மில்லிமீட்டர் வாட்ச்தான் "டிரஸ் வாட்ச்" (விசேஷத்துக்கு முழுக்கை சட்டையோடு கட்டும் மெல்லிய, எளிய வாட்ச்) என்றதும் நம் மனதில் எழுகிற உருவத்தை நிலைநாட்டியது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யும் அந்த உருவத்தைத்தான் சாதாரண ஜனங்கள் கைக்குக் கொண்டுவந்தது. ஆக, வரைபடத்தில் வித்தியாசம் தேடினால் பெரிதாகக் கிடைக்காது.

வேறு இடத்தில் தேட வேண்டும். காஞ்சிபுரம் பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் நிறத்தையும் ஜரிகையையும் பார்த்த பிறகு புடவையைப் புரட்டி, உடலும் கரையும் சேர்கிற கோர்வையைத் தடவிப் பார்ப்பார்கள். வாட்சுக்கும் அதே பார்வைதான். ஒரு பரப்பு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்ட்ராப் மாட்டும் காது கேஸோடு சேரும் இடம், முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொடும் இடம், செதுக்கிய பகுதி வழுவழுப்பான பகுதியோடு முட்டும் இடம். டைவிங் வாட்சிலோ, ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃபிலோ கண்ணை இழுக்க நூறு சமாச்சாரம் உண்டு. சுமாரான வேலை அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். டிரஸ் வாட்சில் மறைய இடமே கிடையாது.

இரண்டு பொருள் போதும். ஒன்று, சவுகார்பேட்டையில் கல் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். இன்னொன்று, ஒரே ஒரு வெளிச்சம். ஷோரூமில் மேலேயிருந்து பத்து ஸ்பாட்லைட் அடிக்கும். அதில் எவர்சில்வர் டம்ளரும் வைரமாக மின்னும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கக் கேளுங்கள். கடை ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், விஷயம் தெரிந்தவர் என்று மரியாதைதான் கூடும். வாட்சை நேராகப் பிடித்து முறைக்காமல், மணிக்கட்டை மெதுவாகச் சாய்த்து, வெளிச்சம் ஒரு பரப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதைக் கவனியுங்கள்.

கேஸிலிருந்து தொடங்கலாம். ஸ்ட்ராப் மாட்டும் காதுகளை ஆங்கிலத்தில் லக் என்பார்கள். 96-இன் வடிவமைப்பில் பெரிய விஷயம் அந்தக் காதுகள்தான். அதற்கு முந்தைய பல கைக்கடிகாரங்களில் பாக்கெட் வாட்சுக்குக் கம்பி வளைத்து ஒட்டிய மாதிரி காது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 96-இல் அது கேஸின் பக்கச் சுவரிலிருந்து கிளை பிரிவதுபோல் வழிந்து இறங்குகிறது. வாட்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்த வளைவைக் கண்ணால் தொடருங்கள். எந்த இடத்திலும் கோடு உடையக் கூடாது. நான்கு காதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மலிவான கேஸில் பாலிஷ் சக்கரம் விளிம்பைத் தின்றிருக்கும், எல்லா மூலையும் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி உருண்டிருக்கும். நல்ல கேஸில் பட்டை பட்டையாகத் தெரியும், இரண்டு பட்டைக்கு நடுவில் மயிரிழைபோல் ஒரு கோடு நிற்கும்.

பழைய வாட்ச் வாங்கும்போது இதுதான் முதல் சோதனை. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது. மூன்று நான்கு தடவை போட்டவுடன் காதுகள் மெலிந்து, ஸ்ட்ராப் பின் ஓட்டை விளிம்பை நெருங்கி, ஹால்மார்க் முத்திரை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும். பளபளப்பாக இருக்கிறதே என்று அதற்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. கீறலோடு இருக்கும் கூர்மையான கேஸ் அதைவிட எவ்வளவோ மேல்.

முத்திரை என்றதும் ஒரு சின்ன விளக்கம். நமக்கு 916 பழக்கம். சுவிஸ் தங்க வாட்சில் அநேகமாக 750 இருக்கும், அதாவது 18 காரட். 22 காரட் கேஸுக்குத் தாங்காத அளவு மெது. 1995-இலிருந்து சுவிஸ் அரசு முத்திரை செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. அதற்கு முந்தைய 18 காரட் கேஸில் ஹெல்வெட்டியா என்ற பெண் தலை இருக்கும். படேக் ஃபிலிப் தன் பிளாட்டினம் வாட்சுகளில் ஆறு மணிப் பக்கம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு பொடி வைரம் பதிக்கும். ஸ்ட்ராப்பின் நிழலில் கிடக்கும் அதைக் கட்டுகிறவர் தேடினால்தான் பார்க்க முடியும்.

உங்கள் உறவினர் வாட்சின் கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் குட்டிக் குட்டிப் பிரமிடுகளாகச் செதுக்கியிருந்தால் அதற்கு க்ளூ த பாரீ என்று பெயர், பாரீஸ் ஆணி என்று அர்த்தம். 2021-இல் வந்த காலட்ராவா 6119 மாடலில் இது உண்டு. வட்டத்தைச் சுற்றிக்கொண்டே போய், தொடங்கிய இடத்தில் வரிசை எப்படி முடிகிறது என்று பாருங்கள். சிக்குக் கோலத்தில் கடைசி இழை முதல் இழையோடு சேரும் இடம் மாதிரிதான். அரைப் பிரமிடு எங்கேயாவது சிக்கிக்கொண்டு நின்றால் கணக்கு தப்பியிருக்கிறது என்று பொருள்.

இனி டயல். ஒரு டயல்காரக் குடும்பம் வாங்கிய கம்பெனி என்று சொன்னேன் அல்லவா, நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே.

மணிக் கோடுகள் அச்சடித்தவையா, தனியாகச் செய்து பொருத்தியவையா என்று முதலில் பாருங்கள். பொருத்தியவற்றில் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் குட்டிக் கால்கள் இருக்கும். டயலில் துளையிட்டு அந்தக் கால்களை நுழைத்துப் பின்பக்கம் இறுக்குவார்கள். லென்ஸில் பார்த்தால் கோடு டயலின் மேல் தெளிவாக அமர்ந்து தன் நிழலை விழவைக்கும்; அடியில் பசை பிதுங்கியிருக்கக் கூடாது. கோட்டின் மேல்முகம் வைரக் கருவியால் பட்டை தீட்டப்பட்டிருந்தால், வாட்சைச் சாய்க்கும்போது ஒன்று அணைந்து அடுத்தது எரிவதுபோல் வெளிச்சம் ஓடும். இது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. இருட்டில் ஒளிரும் பூச்சு இல்லாத வாட்சில், ரிசப்ஷன் மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் மணி தெரிவதே இந்தப் பட்டைகளால்தான். 1970-களின் சில சுவிஸ் டயல்களில் அடியில் "சுவிஸ்" என்ற எழுத்துக்கு இரு பக்கமும் கிரேக்க சிக்மா எழுத்து இருக்கும். கோடுகளும் முள்ளும் தங்கம் என்பதற்கான அடையாளம் அது.

வெள்ளை டயலில் இரண்டு ஜாதி. லாக்கர் என்ற பளபளப்பான வார்னிஷ் பூசியது ஒன்று, எனாமல் சுட்டது இன்னொன்று. எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. செம்பு அல்லது தங்கத் தகட்டில் அதைத் தூவி, சுமார் 800 டிகிரி சூளையில் உருக்கி, ஆறவிட்டு, தேய்த்து, மறுபடி தூவி மறுபடி சுடுவார்கள். உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்காது. அதனால் தகட்டின் பின்பக்கமும் எனாமல் பூசினால்தான் வளையாமல் இருக்கும். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு குமிழி, ஒரு கரும்புள்ளி, ஒரு விரிசல் வந்தால் அதுவரை செய்தது வீண். நடுவில் முள் வரும் ஓட்டையின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். எனாமல் அங்கே தண்ணீர் விளிம்பில் நிற்பதுபோல் மென்மையாக உருண்டு இறங்கும்; லாக்கர் வெட்டினாற்போல் நிற்கும். அடுத்து, டயலில் ட்யூப்லைட் பிரதிபலிக்கும்படி பிடியுங்கள். எனாமலில் அந்தக் கோடு துளி நெளியும். ரொம்ப நேராக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். இருநூறு வருடத்துப் பாக்கெட் வாட்ச் எனாமல் இன்றும் அதே வெள்ளையாக இருக்கிறது, வெயில் அதை ஒன்றும் செய்யாது. அதன் எதிரி விழுதல். ஓட்டை ஓரத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும் நூல்போன்ற விரிசல் கிளம்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் அது தெரியும்.

செதுக்கிய டயலுக்கு கியோஷே என்று பெயர். 1780-களில் வாட்ச் தயாரிப்பாளர் ஆப்ரஹாம் லூயி பிரெகே இதை வாட்ச் டயலில் கொண்டுவந்தபோது நோக்கம் அழகு மட்டும் இல்லை. வழுவழுப்பான வெள்ளி டயல் கண்ணைக் கூசும். செதுக்கினால் கூச்சம் அடங்கும். நிமிட வட்டத்துக்கு ஒரு கோலம், நடுப்பகுதிக்கு வேறு, நொடி வட்டத்துக்கு இன்னொன்று என்று பிரித்தால் எது எதற்கு என்று கண் தானாகப் பிரித்துக்கொள்ளும். கையால் செதுக்கும்போது ஒரு கை, ரோஸ் எஞ்சின் என்ற செதுக்கு இயந்திரத்தின் பிடியைச் சுற்றும், மறு கை உளியை அழுத்தும். அழுத்தம் மாறினால் கோட்டின் ஆழம் மாறும். அச்சில் அழுத்திய மலிவு வகையிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. வெட்டிய பள்ளத்தின் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னும், மேடு கத்தி முனையாக இருக்கும். அழுத்தியதில் மேடு மழுங்கி, மொத்தமும் பிளாஸ்டிக் மாதிரி ஒரே மங்கலாகத் தெரியும். இங்கேயும் பார்க்க வேண்டிய இடம் எல்லைதான். ஒரு கோலம் முடிந்து வழுவழுப்பான வளையம் தொடங்குமிடத்தில் உளி எல்லா வரியிலும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறதா? அச்சு தப்பே செய்யாது. ஆனால் கூர்மையும் தராது.

பிரெகே டயலில் இன்னொரு விளையாட்டு உண்டு. போலிகள் பெருகியதால் 1795 வாக்கில் ரகசியக் கையெழுத்து ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் பெயரில் நடக்கும் கம்பெனியின் இன்றைய கிளாசிக் வாட்சுகள் பலவற்றில் பன்னிரண்டு மணி எழுத்துக்குப் பக்கத்தில் அது மெல்லிய கீறலாக இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக வாங்கினால் மட்டும் எழுந்து வரும். கார்ட்டியே வாட்சுகளில் இதே குறும்பை ரோமன் ஏழின் ஒரு காலுக்குள் நுண்ணெழுத்தாக ஒளித்துவைப்பார்கள். ரோமன் நான்கை நாலு தனிக் கோடாகப் போடுவதும் தவறில்லை. எதிரே இருக்கும் கனமான எட்டுக்குச் சரிசமமாக நிற்பதற்கு என்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும் கண்ணுக்கு அது சரியாகவே படுகிறது.

அச்சு எழுத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நல்ல டயலில் மை டயலின் மேல் சற்று மேடாக நிற்கும், ஏனென்றால் பல தடவை அடித்திருப்பார்கள். எழுத்தின் ஓரம் பிசிறக் கூடாது, நிமிடப் புள்ளிகள் ஒரே பருமனில் இருக்க வேண்டும்.

முள்தான் என் கணக்கில் டிரஸ் வாட்சின் உயிர். முதல் விதி நீளம். பெரிய முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். சின்ன முள் மணிக் கோட்டின் உள்முனை வரைக்கும் வர வேண்டும். பெரிய முள் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால், மணி சொல்ல வாய் திறந்து பாதியில் நிறுத்தியவர் மாதிரி ஆகிவிடும். இது விலை உயர்ந்த வாட்சுகளிலும் நடக்கிறது, ஒரே முள்ளை இரண்டு மூன்று அளவு டயலுக்குப் பயன்படுத்துவதால். காலட்ராவாக்களில் அதிகம் வரும் டொஃபீன் முள்ளில் நடுவில் ஒரு முகடு ஓடும். இரண்டு பக்கமும் எதிரெதிர்ச் சாய்வு. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரு பாதி வெளிச்சமும் மறுபாதி இருட்டுமாக இருக்கும். வெள்ளி நிற டயலில் வெள்ளி நிற முள் காணாமல் போகாததன் சூட்சுமம் அதுதான். முகடு நுனி வரை மங்காமல் போகிறதா என்று பாருங்கள்.

பிரெகே முள்ளில் நுனிக்கு அருகே உள்ளே ஓட்டையான ஒரு வட்டம் இருக்கும். அவை பெரும்பாலும் நீலம். அந்த நீலம் பெயின்ட் இல்லை. நன்றாகப் பாலிஷ் செய்த எஃகைச் சூடாக்கினால் மேலே ஆக்சைடு படலம் வளரும். 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 280 அருகே கத்தரிப்பூ, 295-300 டிகிரியில் நீலம். இன்னும் சில விநாடி விட்டால் வெளிறிச் சாம்பலாகிவிடும், மறுபடி தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். முள்ளின் தடித்த இடமும் மெலிந்த நுனியும் ஒரே வேகத்தில் சூடாகாது. அதனால்தான் பித்தளைத் தூள் பரப்பிய தட்டில் வைத்துச் சூட்டைப் பரவவிடுகிறார்கள். சுட்ட நீலத்தைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் கறுப்பாகத் தெரிந்து, அடுத்த கோணத்தில் மின்சார நீலமாகப் பற்றிக்கொள்ளும். பெயின்டு நீலம் எல்லாக் கோணத்திலும் ஒரே நீலம், பள்ளிக்கூடச் சட்டை மாதிரி.

டயல் லேசாகக் குவிந்திருந்தால் பெரிய முள்ளின் நுனியைக் கீழ்நோக்கி வளைத்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். நுனிக்கும் டயலுக்கும் இடைவெளி குறைந்தால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிமிடம் தவறாகத் தெரியாது.

சின்ன நொடி வட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு வாட்சின் உள்விவகாரத்தையே காட்டிக்கொடுத்துவிடும். நொடி முள் இயந்திரத்தின் ஒரு சக்கரத்தில் நேராகப் பொருத்தப்படுவதால் அதன் இடத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது. 2004-இல் வந்த காலட்ராவா 5196-இன் கேஸ் 37 மில்லிமீட்டர். உள்ளே இருந்த 215 பி.எஸ். இயந்திரமோ 21.9 மில்லிமீட்டர்தான். அதனால் நொடி வட்டம் டயலின் நடுவை நோக்கி ஏறி, கீழே காலி இடம் விழுந்தது. சின்ன இயந்திரத்துக்குப் பெரிய சட்டை போட்ட கதை. 6119-க்காகப் புதிதாகச் செய்த 30-255 பி.எஸ். இயந்திரம் 31 மில்லிமீட்டர் அகலம், தடிமன் முன்பு போலவே 2.55 மில்லிமீட்டர். இரண்டு ஸ்பிரிங் பேரல், 65 மணி நேர ஓட்டம். 39 மில்லிமீட்டர் கேஸில் நொடி வட்டம் கீழே இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எந்த வாட்சைப் பார்த்தாலும் முதலில் அங்கேதான் பார்வை போகும். தேதி ஜன்னல் நடுவை நோக்கித் தள்ளி நிற்கும் வாட்சுகளுக்கும் இதே வியாதிதான்.

ஜனதாவை எடுத்து நொடி முள்ளைப் பாருங்கள். அதன் 0231 இயந்திரம் மணிக்கு 18,000 அதிர்வு, நொடிக்கு ஐந்து குட்டித் தாவல். 215 பி.எஸ். 28,800 அதிர்வு, நொடிக்கு எட்டு. ஜனதாவில் தாவல்களை எண்ணிவிடலாம், காலட்ராவாவில் வழுக்கிக்கொண்டு போகும். எது அழகு என்பது அவரவர் ருசி. மெதுவான துடிப்புக்கு ஒரு கம்பீரம் உண்டு என்று நினைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

மெலிவைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. 2002-இல் ஓசூர் டைட்டன் கொண்டுவந்த எட்ஜின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், இயந்திரம் 1.15. அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். கீ கொடுக்கும் இயந்திரத்தில் சுவிஸ் கம்பெனியான வாஷெரான் கான்ஸ்டான்டினின் 1003 என்ற 1955 ஆண்டு இயந்திரம் 1.64 மில்லிமீட்டரில் நிற்கிறது. பற்சக்கரம், ஸ்பிரிங், ஊசல் சக்கரம் எல்லாம் அதற்குள். மெலிவுக்கு விலையும் உண்டு. முள்ளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி மயிரளவு. கேஸை அழுத்தினாலே முள் கண்ணாடியில் உரசி வாட்ச் நின்றுவிடலாம். தினசரி கட்டுவதற்கு மொத்தம் 7-9 மில்லிமீட்டர் தடிமன் இருப்பதே நிம்மதி. முழுக்கை சட்டையின் பட்டனைப் போட்ட பிறகும் மணிக்கட்டைத் திருப்பினால் கஃப் தடுக்காமல் ஏற வேண்டும். அகலத்தைவிடக் காதிலிருந்து காது வரையிலான நீளத்தைப் பாருங்கள். அது மணிக்கட்டின் தட்டையான பகுதிக்கு வெளியே தொங்கினால் 36 மில்லிமீட்டர் வாட்சும் பெரிதுதான்.

பின்பக்கம் கண்ணாடியாக இருந்தால் இயந்திரத் தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள். மேல்முகமும் பக்கச் சுவரும் சேரும் கூர்மையை 45 டிகிரி பட்டையாகச் சீவி மெருகேற்றியிருப்பார்கள். வெளிமூலை எல்லோருக்கும் வரும். இரண்டு பட்டை உள்நோக்கிச் சந்திக்கும் உள்மூலையில்தான் கைவேலை தெரியும். சுழலும் கருவி உள்மூலையை வட்டமாகத்தான் வெட்டும். கத்தி முனைபோல் கூராக முடிந்திருந்தால் யாரோ அரமும் மரக்குச்சியும் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். திருகுகளின் வாயையும் கவனியுங்கள். பிளவில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அளவு சேராத ஸ்க்ரூடிரைவர் பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியின் க்ளாஸ்ஹூட்டெயில் ஆ. லாங்கெ உண்ட் ஸோனெ என்ற கம்பெனி, பூச்சு போடாத ஜெர்மன் சில்வர் தகட்டில் செய்கிறது. ஒரு கைரேகை பட்டாலே கறை விழும் உலோகம் அது. ஊசல் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தில் பூவேலை கையால் செதுக்கியது, அதனால் இரண்டு வாட்ச் ஒன்றாக இருக்காது. மூடிய பின்பக்கமும் எனக்குப் பிடிக்கும், அரை மில்லிமீட்டராவது மிச்சம்.

இனி சென்னை. கட்டலாம், சில நிபந்தனைகளோடு. பெரும்பாலான டிரஸ் வாட்ச் 30 மீட்டர் என்று போட்டிருக்கும். அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், மெரினாவுக்கோ நீச்சல் குளத்துக்கோ இல்லை. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியின் வெளியே பனி படர்ந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். உள்பக்கம் படிந்தால் ஈரம் நுழைந்துவிட்டது. அன்றே திறந்து உலர்த்தாவிட்டால் முதலில் முள்ளும் கீயின் தண்டும் துருப்பிடிக்கும்.

தோல் ஸ்ட்ராப்பை வேர்வை உப்பு உள்ளிருந்து தின்னும். ஒருநாள் கட்டினால் மறுநாள் ஓய்வு, கழற்றியதும் உலர்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். சித்திரை வைகாசிப் பகலுக்கு வேறு வாட்ச் கட்டுங்கள், மார்கழிக் கச்சேரிக்கு இதை எடுங்கள். எல்லோரும் ஸ்ட்ராப்பைப் பார்ப்பார்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னை மறந்துவிடுவார்கள். உப்பில் அது அரித்து ஒருநாள் படக்கென்று விட்டுவிடும், வாட்ச் மொசைக் தரையில் விழும். ஸ்ட்ராப் மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றுங்கள். முதலைத் தோல் ஸ்ட்ராப்பை வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால், சைட்டீஸ் (வன உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளலாம். நம்மூர் ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ தைத்துப் போடுவது தலைவலி இல்லாதது. அகலம் காதுப் பக்கம் 18 என்றால் பக்கிள் பக்கம் 16 ஆகக் குறைய வேண்டும். குறையாத ஸ்ட்ராப் எந்த டிரஸ் வாட்சையும் மொத்தையாக்கிவிடும்.

பட்டுப்புடவை பீரோவில் ரசகற்பூர உருண்டைக்குப் பக்கத்தில் வாட்சை வைக்காதீர்கள். கைப்பையின் காந்தப் பட்டன், லேப்டாப் மூடி, ஸ்பீக்கர் மேலும் வேண்டாம். திடீரென்று தினம் சில நிமிடம் வேகமாக ஓடினால் மெல்லிய ஸ்பிரிங் காந்தமேறிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திசைகாட்டி முள்ளுக்கு அருகே வாட்சைக் கொண்டுபோய் முள் ஆடினால் அதுதான் காரணம். காந்தம் எடுப்பது சில விநாடி வேலை, அதற்காக முழு சர்வீஸ் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள். கீ கொடுக்கும்போது வாட்சைக் கையிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் வளையும். தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

கடைசியாக, ஜனதா. புது டயல் அடிக்காதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்த டயலை லென்ஸில் பார்த்தால் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் கோட்டோடு முட்டாமல் பிசகி நிற்கும், மணிக் கோடுகளின் அடியில் பெயின்ட் ஏறியிருக்கும், ஓரத்தில் இருக்க வேண்டிய எழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கும். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தது, அந்தக் காலத்து ஒரிஜினல் டயல் இனிமேல் முளைக்கப்போவதில்லை. மங்கிய டயல் அப்பா கையில் இருந்த வெயிலின் கணக்கு, அது இருக்கட்டும். மங்கலில் பாதி டயலிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஜனதாவின் கண்ணாடி அக்ரிலிக், பத்து இருபது வருடக் கீறல் சேர்ந்தால் புகைபோல் ஆகிவிடும். அதை மட்டும் மாற்றினாலே முகம் திறந்துகொள்ளும். வீட்டில் திறந்து டயலைத் துணியால் துடைத்துவிடாதீர்கள், அச்சு கையோடு வந்துவிடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்: எண்ணெய் சர்வீஸ், புதுக் கண்ணாடி, டயலைத் தொட வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம், கேஸ் பாலிஷ் வேண்டாம். கழற்றிய பழைய பாகம் எதுவாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.